அப்பாவின் புல்லட்டுக்கு ஆசிட் வேண்டாம்

கேள்வி: அப்பா 1973-ல் வாங்கிய புல்லட் 350 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அவர் காலமான பிறகு ஆறு வருடமாக வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. கடல் எங்கள் வீட்டுக்கு ரொம்பப் பக்கம். இப்போது திறந்து பார்த்தால் எஞ்சின் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. சில இடங்களில் உப்பு மாதிரி வெள்ளைப் பொடி. கியர்பாக்ஸ் கவரில் அப்பாவின் செருப்பு உரசிய இடம் மட்டும் இன்னும் மினுங்குகிறது. பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து கழுவினால் வெளுத்துவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். மெக்கானிக் எஞ்சினை மணல் அடித்துச் சில்வர் பெயிண்ட் பூசலாம் என்கிறார். கவர்களுக்குக் குரோம் போடச் சொல்கிறவர்களும் உண்டு. எது சரி? நானே வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தம்பி, மூன்றுமே வேண்டாம். நீங்கள் இதைப் படிப்பதற்குள் யாராவது ஆசிட் பாட்டிலைத் திறந்துவிடப் போகிறார்களே என்ற பதைப்பில் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் எஞ்சினுக்கு வந்திருப்பது பெரிய வியாதி இல்லை. கடலோரத்திலிருந்து என் பட்டறைக்கு வருகிற பழைய வண்டிகள் பெரும்பாலும் இந்தக் கோலத்தில்தான் வருகின்றன. பொறுமையும் நாலைந்து ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் பாதிக்கு மேல் நீங்களே செய்துவிடலாம்.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. செருப்பு உரசிய இடம் மினுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அந்த இடத்தில் யாரும் பாலிஷ் போடவில்லை. தினம் தினம் தோல் பட்டுப் பட்டு மேலே எதுவும் படிய முடியாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். அடியில் இருக்கும் உலோகம் நன்றாகவே இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆயில் கசிந்து பிசுக்கு ஏறிய இடங்களையும் ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். பக்கத்தில் காய்ந்து கிடக்கும் இடத்தைவிட அங்கே அலுமினியம் தெளிவாக இருக்கும். பிசுக்கு உப்புக் காற்றை உள்ளே விடாமல் காத்திருக்கிறது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மைதான். புதிதாகச் சுரண்டிய அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்ட அந்தக் கணமே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று உருவாகிவிடும். சில நானோமீட்டர் கனம்தான், ஆனாலும் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பது அந்தத் தோல். கடற்காற்றில் வரும் உப்பு அதை ஊசி குத்தினமாதிரி ஆங்காங்கே துளைத்துவிடும். ஈரம் அங்கேயே தங்கினால் துளைக்குள் அரிப்பு நடந்து வெள்ளைப் பொடியாக வெளியே தள்ளும். நீங்கள் பார்த்த பொடி அதுதான். இதில் பெரிய குற்றவாளி தார்ப்பாய். பகலில் சூடேறி, இரவில் குளிர்ந்து, உள்பக்கம் வியர்த்து அந்த ஈரத்தை ஆறு வருடமாக எஞ்சின் மேலேயே சொட்டவிட்டிருக்கிறது. இன்றைக்கே அதை எடுத்து வீசிவிட்டுப் பழைய பருத்திப் போர்வை ஒன்றைப் போடுங்கள்.

இனி ஆசிட் விஷயம். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கடல் உப்பில் அலுமினியத்தைத் துளைக்கிற குளோரைடு எதுவோ, அதேதான் இதிலும் இருக்கிறது. ஊற்றினவுடன் நுரைத்து வெளுத்த மாதிரி தெரியும். அந்த வெளுப்பு, மேல்தோல் உரிந்ததால் வந்தது. அலசினாலும் நுண்துளைகளில் கொஞ்சம் தங்கிவிடும். இரண்டு மழைக்காலத்தில் முன்பைவிட மோசமாகப் பூக்கும். ஆசிட் கேனை வண்டி நிற்கும் அறையில் வைப்பதுகூடத் தப்பு. மூடி சரியாக இல்லாவிட்டால் அதன் ஆவியே ஸ்போக்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாவற்றையும் மங்கடித்துவிடும். அலாய் வீல் கழுவ, ஏ.சி. காயில் கழுவ என்று விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இருக்கிறது. அது வண்டிக்கு மட்டுமல்ல, உங்கள் கைக்கே ஆபத்து. பட்டபோது எரியாமல் பிறகு உள்ளே எலும்புவரை இறங்கும். அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

ஆசிட் வேண்டாம் என்றால் சிலர் காஸ்டிக் சோடாவுக்குப் போவார்கள். அது இன்னும் மோசம். நான் வேலை பழகிய பட்டறையில் இரும்புச் சாமான்களைப் பிசுக்குப் போக வேகவைக்க ஒரு காஸ்டிக் தொட்டி உண்டு. பதினேழு வயதில், விவரம் தெரியாமல் ஒரு புல்லட் டாப்பட் கவரை, அதாவது எஞ்சின் தலையில் இருக்கும் சின்ன மூடியை, அதில் போட்டுவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது தொட்டி கொதிக்காமலே பொங்கிக்கொண்டிருந்தது. கவரைக் கொக்கி போட்டு எடுத்தால் கரிக்கட்டை மாதிரி இருந்தது. விளிம்பெல்லாம் கரைந்து கூர்மை போய், நட் உட்காரும் முகம் சொரசொரத்துவிட்டது. துடைக்கத் துடைக்கக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. எஞ்சின் வார்ப்பில் இருப்பது தனி அலுமினியம் இல்லை, சிலிக்கானும் கொஞ்சம் செம்பும் கலந்த கலவை. காஸ்டிக் அலுமினியத்தை மட்டும் தின்றுவிட்டு மற்றதைக் கரியாக மேலே விட்டுவிடுகிறது. அந்தக் கவரின் சொந்தக்காரர் முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அலுமினியத்தில் போனது போனதுதான் என்று நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். அடுப்புக் கரி நீக்கும் ஸ்பிரே, பாத்திரம் கழுவும் மெஷினுக்கான பொடி, சலவைச் சோடா எல்லாம் இதே குடும்பம்தான். தவிர்த்துவிடுங்கள்.

மணல் அடிப்பதை நான் இன்னும் அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை ஒரு மெக்கானிக்கே சொல்லியிருக்கிறார். உங்கள் புல்லட்டுக்குத் தனி ஆயில் டேங்க் கிடையாது; கிராங்க் கேஸ் என்கிற எஞ்சின் அடிப்பெட்டியின் வார்ப்பிலேயே ஆயில் அறை இருக்கிறது. வலப்பக்க டைமிங் கவரை வெறும் மூடி என்று நினைக்காதீர்கள். ஆயில் ஃபில்டர் அறை அதற்குள் இருக்கிறது. கிராங்க்குக்கு ஆயில் போகும் துளைகள் அந்த வார்ப்பின் உள்ளேயே ஓடுகின்றன. மணல் அடித்தால் துகள் அந்தத் துளைகளில் போய் உட்காரும். மிருதுவான அலுமினியத்தில் புதைந்தும் நிற்கும். தண்ணீர் விட்டுக் கழுவினாலும், காற்று அடித்தாலும் எல்லாம் வந்துவிடாது. பிறகு எஞ்சின் சூடாகி ஆயில் ஓடும்போது ஒவ்வொன்றாகக் கழன்று நேரே கிராங்க்கில் கனெக்டிங் ராடு சுழலும் பேரிங்குக்கு, அதாவது பிக் எண்டுக்குப் போகும். வேறெங்கோ மணல் அடித்துக் கோத்த ஒரு 350 எஞ்சின், வெளியே பார்க்க வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி, என்னிடம் சத்தம் கேட்கிறது என்று வந்தது. பிரித்தபோது ஆயில் பம்ப் தட்டில் வட்ட வட்டமாகக் கீறல். ஃபில்டர் அறையின் அடியில் விரல் வைத்தால் நறநறத்தது. அந்த வண்டிக்காரர் பளபளப்புக்குக் கொடுத்த காசைப்போலப் பல மடங்கு கிராங்க்குக்குச் செலவழித்தார்.

சில்வர் பெயிண்ட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அரிப்பின் மேல் பூசினால் அடியில் அது தொடரும், பெயிண்ட் கொப்புளிக்கும், பிறகு அதைச் சுரண்டுவதே தனி வேலை. அலுமினியத்துக்குக் குரோம் நேரடியாகப் பிடிக்காது. அடியில் துத்தநாகம், நிக்கல் என்று பக்குவமாக ஏற்ற வேண்டும். அதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு. உரிந்தால் தகடு தகடாக உரியும். எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் அப்பா வாங்கியபோது அந்தக் கவர்கள் குரோமில் வரவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். சென்னை திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த உங்கள் 1973 வண்டியின் வடிவம், இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனிக்காரர்கள் வரைந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு அவர்கள் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. என்று அங்கே போட்ட கணக்கிலேயே இங்கேயும் எஞ்சின் வந்தது. எந்தப் பாகம் மினுங்க வேண்டும், எது மங்கலாக இருக்க வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். டைமிங் கவர், இடப்பக்க பிரைமரி செயின் கவர், கியர்பாக்ஸ் கவர், மேலே இரண்டு டாப்பட் கவர், இவை பாலிஷ் பாகங்கள். கிராங்க் கேஸ், ஹெட்டின் துடுப்புகள், கியர்பாக்ஸ் உடம்பு இவையெல்லாம் வார்ப்பிலிருந்து வந்த சொரசொரப்போடு மங்கிய வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டியவை. அந்த மங்கல் பின்னால் இருப்பதால்தான் கவர்களின் மினுமினுப்பு கண்ணில் படுகிறது. எல்லாவற்றையும் பஃப் போட்டால், அதாவது சுழலும் துணி வீலில் பாலிஷ் ஏற்றினால், எவர்சில்வர் கடை மாதிரி ஆகிவிடும். ஒரு காந்தத்தை எடுத்துச் சிலிண்டரில் வைத்துப் பாருங்கள், ஒட்டும். அது வார்ப்பிரும்பு. அங்கே செய்ய வேண்டியது துருவை எடுத்துச் சூடு தாங்கும் பெயிண்ட் அடிப்பது மட்டும். அலுமினியப் பாலிஷை அதில் தேய்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

வேலையைக் கழுவுவதில் தொடங்குங்கள். பிளக்கைக் கழற்றாமல் அப்படியே விடுங்கள். கார்புரேட்டர் வாய், சைலன்சர் வாய், பிரீதர் குழாய் மூன்றையும் துணி திணித்து மேலே டேப் சுற்றி அடையுங்கள். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பாயிண்ட் இருக்கும் மூடிமேல் பாலிதீன் கட்டுங்கள். வாட்டர் வாஷ் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரஷர் தண்ணீர் அடிக்கக் கூடாது. மூடிகளுக்கு அடியில் ஆயில் கசியாமல் இருக்க வைத்த பழைய பேக்கிங்கும் ஆயில் சீலும் அந்த வேகத்தைத் தாங்காது. மண்ணெண்ணெயோ டீசலோ பிரஷ்ஷில் தொட்டுப் பூசி, அரை மணி ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் துடுப்புகளுக்கு இடையில் தேயுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஒரு பொறி போதும். இறுகிய பிசுக்கை மூங்கில் குச்சியைச் சீவி அதன் முனையால் நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவர் போட்டால் ஒவ்வொரு கோடும் நிரந்தரம். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை வெந்நீரில் கலந்து இரண்டு தடவை கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, அன்றைக்கே வெயிலில் காயவிடுங்கள். இதைச் செய்தாலே பாதி அழுக்குப் போய்விட்டதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

கிராங்க் கேஸுக்கும் ஹெட்டுக்கும் இதற்குமேல் அதிகம் வேண்டாம். வெள்ளைப் பொடி இருக்கும் இடத்தில் மட்டும் நைலான் ஸ்க்ரப்பரில் மண்ணெண்ணெய் தொட்டு ஒரே திசையில் தேயுங்கள். சமையலறை இரும்புக் கம்பி நாரும் இரும்புக் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். அவற்றின் நுண்ணிய துகள் அலுமினியத்தில் தங்கி, அப்புறம் செம்மண் நிறத்தில் துருப்பொட்டு வைக்கும். பித்தளைக் கம்பி பிரஷ் பரவாயில்லை. எஞ்சினை என்றாவது ஒருநாள் முழுக்கப் பிரிக்கும் வேலை வந்தால் அப்போது வேப்பர் பிளாஸ்டிங் பற்றி யோசிக்கலாம். தண்ணீரோடு சேர்ந்து நுண்ணிய கண்ணாடி மணிகள் அடிக்கும் முறை அது. பழைய வார்ப்பின் மங்கிய வெள்ளி நிறத்தை ஏறக்குறைய அப்படியே கொண்டுவரும். அப்போதும் துளைகளை அடைத்து, பிறகு ஒவ்வொரு துளையிலும் பிரஷ் விட்டு வெந்நீரில் கழுவி, காற்றடித்து, மறுபடி கழுவியே ஆக வேண்டும். ஓடுகிற எஞ்சினை அதற்காக மட்டும் பிரிக்காதீர்கள்.

இப்போது கவர்கள். எஞ்சின் நம்பர் பொறித்த இடத்தைத் தொடாதீர்கள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேய்க்கும் வேகத்தில் மறந்துவிடும். அப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றும்போது பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள். ஒரு எழுத்து மங்கினாலும் அலைய வேண்டிவரும். 2021-ல் திருத்திய ஒன்றிய மோட்டார் வாகன விதிப்படி, 50 வயது கடந்து பெரிய மாற்றமின்றி இருக்கும் வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். உங்கள் வண்டிக்கு அந்த வயது ஆகிவிட்டது. நம்பர் தெளிவாக இருப்பது அதற்கும் தேவை.

இரண்டு டாப்பட் கவரில் ஒன்றை மட்டும் முதலில் கழற்றுங்கள். சின்னது, மடியில் வைத்துத் தேய்க்கலாம், தப்பு வந்தாலும் மாற்றுக் கிடைக்கும். பழைய பேக்கிங்கை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்துப் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். எண்ணெய் ஊற்றி நனைத்துவிட்டு மெதுவாக எடுங்கள். மேலே மஞ்சளாக வார்னிஷ் மாதிரி ஏதாவது உரிகிறதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். அடியில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடினால், யாரோ எப்போதோ லாக்கர் என்ற வார்னிஷ் பூச்சை அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் ரிமூவரால் அதை முழுக்க எடுத்த பிறகுதான் மற்றது.

அடுத்தது வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். நம்பர் கூடக் கூட அது நைசாகும். எந்த நம்பரில் தொடங்குவது என்பது குழியைப் பொறுத்தது. விரல் நகம் இடறினால் 320, இடறாவிட்டால் 600. பேப்பரைத் தண்ணீரில் நனைப்பதைவிட மண்ணெண்ணெயில் நனைத்தால் அலுமினியம் பேப்பரில் அடைத்துக்கொள்ளாது. 320-ல் நெடுக்காகத் தேய்த்தால் அடுத்த 400-ல் குறுக்காகத் தேயுங்கள். முந்தைய கோடு ஒன்றுகூடத் தெரியாமல் போகும்வரை அடுத்த பேப்பருக்குப் போகக் கூடாது. இந்த ஒரு இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். 400-ல் விட்ட கோடு 1000-ல் போகவே போகாது. கடைசியில் பாலிஷ் ஏறிய பிறகுதான் வெயிலில் தெரியும். தெரிந்தால் முதலிலிருந்து வர வேண்டும். 600, 800, 1000, முடிந்தால் 1500 வரை போங்கள். ஆழமான குழி ஒன்றிரண்டு மிச்சம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதை எடுக்க வேண்டுமென்றால் சுற்றிலும் அவ்வளவு உலோகத்தையும் தேய்த்தாக வேண்டும். ஐம்பது வருட வண்டியில் இரண்டு குழி இருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

1500 முடிந்ததும் கவர் மங்கிய கண்ணாடி மாதிரி இருக்கும். கடையில் கிடைக்கும் உலோகப் பாலிஷ் பேஸ்ட்டை, ஆட்டோசால் மாதிரி, பட்டாணி அளவு எடுத்துப் பழைய பனியன் துணியில் வைத்து வட்டமாகத் தேயுங்கள். துணி கன்னங்கரேலென்று ஆகும். பயப்பட வேண்டாம், அது தேய்ந்துவரும் அலுமினியத்தின் நிறமே. கறுப்புக் காய்வதற்குள் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, மூலைகளில் தங்கியதை எடுக்க முகப் பவுடரையோ சோள மாவையோ தூவித் தேய்த்துத் தட்டுங்கள். பிசுக்கை அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கணத்தில் கவரில் உங்கள் முகம் தெரியும். இத்தனை வருடம் கழித்தும் அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பஃபிங் மெஷினில் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், தேர்ந்த கை என்றால். பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிறவரிடம் கொடுத்தால் ஸ்க்ரூ துளைகளை நீள்வட்டமாக இழுத்துவிடுவார், விளிம்புகளை உருட்டிவிடுவார், வார்ப்பில் எழும்பி நிற்கும் எழுத்தை மழுக்கிவிடுவார். பேக்கிங் உட்காரும் முகத்தில் வீல் பட்டால் அப்புறம் ஆயில் கசிவுதான். கொடுத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். நீங்களே வீல் வாங்கிப் போட்டால் தொளதொள சட்டை, துண்டு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. விளிம்பு வீலுக்கு எதிராக நின்றால் பிடுங்கி எறிந்துவிடும். அலுமினியத் தூசு நுரையீரலுக்கு ஆகாது, தீயும் பிடிக்கும். மாஸ்க் போடுங்கள், இரும்பு அரைத்த பொறி பறக்கும் இடத்தில் அந்தத் தூசைச் சேரவிடாதீர்கள்.

டாப்பட் கவர் கைவந்த பிறகு பிரைமரி கவருக்குப் போங்கள். நடுவில் ஒரே ஒரு நட்தான் அதைப் பிடித்திருக்கிறது. ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் விலக்கி, அடியில் தட்டு வைத்து ஆயிலை வாங்கிக்கொண்டு கழற்றுங்கள். சுற்றியிருக்கும் ரப்பர் சீலைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். டைமிங் கவரை நீங்கள் கழற்ற வேண்டாம். வண்டியிலேயே வைத்துக் கையால் 800-லிருந்து தொடங்கி மெதுவாகப் போனால் போதும். கியர்பாக்ஸ் கவரும் அப்படியே. செருப்பு உரசிய அந்த இடத்தில் பேப்பரே வைக்காதீர்கள், பேஸ்ட் மட்டும் போதும்.

பளபளப்பு நிற்க வேண்டுமென்றால் கார்னூபா மெழுகு கலந்த கார் வேக்ஸை மெல்லியதாகத் தடவித் துடைத்துவிடுங்கள். ஹெட்டில் மெழுகு நிற்காது, சூட்டில் போய்விடும். நாகப்பட்டினக் காற்றுக்கு மாதம் ஒருமுறையாவது கவர்களில் வேக்ஸ் ஏற வேண்டும். கடற்கரைப் பக்கம் போய்வந்த நாளில் எஞ்சின் ஆறினபின் நல்ல தண்ணீரால் அலசி, ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் காயவையுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களைத் திரும்பப் போடும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் மரை கட்டிப் பிடித்துக்கொள்ளும், அடுத்த தடவை ஸ்க்ரூவோடு வார்ப்பும் பெயர்ந்து வரும்.

முதல் டாப்பட் கவர் முடிந்ததும், தேய்க்காத மற்றொன்றைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கோடு மிச்சம் இருக்கிறதா, அடுத்ததை எந்த நம்பரில் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.